அழவிடாதவர்

குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் போதும், அவர் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். அது அவருடைய வண்டியில் வருகிற குழந்தையாகக்கூட இருக்க வேண்டியதில்லை. ஒருமுறை கச்சிராயபாளையம் கடைத்தெருவில் யாரோ ஒரு பெண் தன் பையனை பொம்மைக் கடை வாசலிலிருந்து தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். இவர் நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டார். பின்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஹாரன் அடித்துத் தீர்க்கிறது. இவர் இறங்கிப் போய், "இன்னாம்மா, புள்ளய ஆட்டுக்குட்டி மாதிரி இஸ்துகினு போற?" என்றார்.

"நீ யாருய்யா கேக்க?"

"அழுவுதில்ல, அதான் கேக்கறேன்."

அவரே ஒரு பந்தை வாங்கிப் பையன் கையில் கொடுத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார். டிராக்டர்காரன் திட்டிய எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "அழுதா எனக்கு வண்டி ஓடாது பாப்பா" என்றார் பக்கத்து சீட்டிலிருந்த என்னிடம். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இப்படி நல்லதாகத்தான் வருகிறது. எனக்கு எரிச்சலே அதுதான்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் கள்ளக்குறிச்சியில் பாதிப் பேரும் மலைமேல் முக்கால்வாசிப் பேரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். எங்களுக்கு அவர் டிரைவர் மாமா. நானும் அக்காவும் சங்கராபுரத்தில் படித்த நாளில் எங்கள் பள்ளி வேனை ஓட்டினார். அக்கா பெரிய பாப்பா, நான் சின்னப் பாப்பா. மற்ற குழந்தைகள் எல்லாம் 'சாமி.' கணக்கு டீச்சருக்குப் பயந்து நான் வேனில் ஏறும்போதே அழ ஆரம்பித்துவிடுவேன். ஒரு நாள் அவர் என்னைப் பள்ளியில் இறக்கவே இல்லை. மற்ற பிள்ளைகளை இறக்கிவிட்டு, என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, ஊரெல்லாம் சுற்றிக் காட்டி, பரோட்டா வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் எல்லாரோடும் சேர்த்து வீட்டு வாசலில் விட்டார். "அம்மா கேட்டா ஸ்கூல்ல நல்லா படிச்சேன்னு சொல்லிடு" என்றார். அவரைவிட நல்ல மனிதர் உலகத்தில் யாரும் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். அன்றைக்குத்தான் வகுப்பில் பின்னம் ஆரம்பித்திருந்தார்கள். அதற்கப்புறம் பின்னத்துக்காக நான் அழுத அழுகையை அவர் கணக்கில் யார் எழுதுவது?

பிறகு வேன் வேலையை விட்டுச் சொந்தமாக ஒரு வெள்ளைக் கார் வாங்கி, வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றிப் போக ஆரம்பித்தார். மழையில் ரோடு அறுந்த ஒரு நாள், காய்ச்சல் கண்ட ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் ஓடி ஆஸ்பத்திரி சேர்த்தவர் அவர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். அதே ஆஸ்பத்திரியில், அதே மனிதர், குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த ஒரு மலைக்காரப் பெண்ணிடம், "ஒன்னு போட்டாச்சில்ல, இன்னொரு தொடைல அடுத்த மாசம் போட்டுக்கலாம், ஒரே நாள்ல எதுக்குப் புள்ளயக் குத்திக்கினு" என்று சொல்லிப் பாதியில் கூட்டிக்கொண்டு போனதையும் சொல்ல வேண்டும். நர்ஸம்மா வாசல்வரை கத்திக்கொண்டே வந்தாளாம். அந்தப் பெண்ணோ இவரைக் கையெடுத்துக் கும்பிட்டாளாம். இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

அக்காவுக்கு வெள்ளிமலைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தார். அக்கா மகள் குட்டியை வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. பள்ளிக்குப் பக்கத்திலேயே அங்கன்வாடி இருந்ததால் குட்டியையும் கூடவே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. டிரைவர் மாமாவின் காரில் அக்கா முன்னால், இன்னும் இரண்டு டீச்சர்கள் பின்னால், நடுவில் யார் மடியிலாவது குட்டி. கள்ளக்குறிச்சியிலிருந்து கோமுகி அணை தாண்டி மலை ஏறி, சாயங்காலம் இறங்கி, தினமும்.

நான் அப்போது சென்னையில் ஆட்டோமொபைல் படிப்பை முடித்துவிட்டு, குழந்தைகளுக்கான கார் சீட்டைச் சோதிக்கிற ஓர் இடத்தில் பயிற்சியில் இருந்தேன். தண்டவாளம் மாதிரி ஒன்றின்மேல் காரின் பின்சீட்டை மட்டும் வைப்பார்கள். அதில் குழந்தை சீட்டை மாட்டி, அதற்குள் ஒரு குழந்தையின் எடையுள்ள பொம்மையைப் பூட்டி, வேகமாக ஓடவிட்டுச் சட்டென்று நிறுத்துவார்கள். தோள்மேல் மாட்டுகிற பட்டைகள் இறுக்கமாக இருந்தால் பொம்மை தலையைக் குனிந்து நிமிரும், அவ்வளவுதான். பட்டை தளர்ந்திருந்தால் பொம்மை அதற்குள்ளிருந்து பாதி வெளியே வந்துவிடும். கண்ணிமைக்கிற நேரம்தான். அதை மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். அந்தப் படத்தை முதல்முறை பார்த்த அன்றே, குட்டி யார் மடியில் உட்கார்ந்து எந்த வளைவில் ஏறிக்கொண்டிருக்கிறாளோ என்று போன் போட்டு அக்காவோடு சண்டை போட்டேன். முதல் சம்பளத்தில் ஒரு சீட்டை வாங்கி பஸ்ஸிலேயே ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். உளுந்தூர்பேட்டையில் ஏறிய ஒருவர், "இன்னா தங்கச்சி, சலூன் கடை தெறக்கப் போறியா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நான் ஓர் உயிரையே மடியில் வைத்துக்கொண்டு வருகிற மிதப்பில் இருந்தேன்.

அதைக் காரில் மாட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்சீட்டுக்கு அவர் தடியான உறை தைத்துப் போட்டிருந்தார். பெல்ட்டைச் செருகுகிற பூட்டு அதற்குள் புதைந்து கிடந்தது.

"மாமா, இந்த உறைய அறுக்கணும்."

"அய்ய! புது கவரு பாப்பா அது."

"பூட்டு வெளிய வந்தாத்தான் சீட்ட மாட்ட முடியும்."

"குட்டி சாமிக்கின்னா அறுத்துக்கோ" என்று அவரே பிளேடு எடுத்துக்கொண்டு வந்தார்.

சீட்டின்மேல் முழங்காலை ஊன்றி, முழு எடையையும் போட்டு அழுத்திக்கொண்டு, பெல்ட்டை இழுத்துப் பூட்டினேன். பிறகு பெல்ட் நுழைகிற இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டிக் காட்டினேன். ஓர் அங்குலத்துக்குமேல் அசையக் கூடாது. கார்தான் ஆடியது, சீட்டு ஆடவில்லை. அடுத்த சோதனை தோளில் மாட்டுகிற பட்டைக்கு. குட்டியை உட்காரவைத்துப் பட்டையை இறுக்கி, கழுத்தெலும்புக்கிட்டே அந்தப் பட்டையை இரண்டு விரலால் கிள்ள வேண்டும். மடிப்பு விரலுக்கு நடுவே சிக்கினால் தளர்வு. வழுக்கிக்கொண்டு போனால் சரி.

இதெல்லாம் அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. என்னைவிட வேகமாகச் செய்தார். டீக்கடை முன்னால் காரை நிறுத்தி ஆட்களைக் கூப்பிட்டு, "வாய்யா, ஆட்டிப் பாரு. ஒன்னால முடிஞ்சா ஆட்டிப் பாரு" என்று சவால் விட்டார். ஒரு பலசாலி இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "யோவ், கோயில் தூணு மாதிரி நிக்குதுய்யா" என்றான். "எங்க சின்னப் பாப்பா படிச்சிட்டு வந்து மாட்டுனது" என்றார் டிரைவர் மாமா. எனக்குக் கால் தரையில் இல்லை.

நாங்கள் சோதித்த பொம்மைகள் எதுவும் அழுததில்லை. பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். அழுகிற குழந்தையை வைத்து ஒரு சோதனை வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

குட்டி அழுதாள். முதலில் சீட்டைப் பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்டியிருந்தேன். சின்னக் குழந்தைக்கு அதுதான் பத்திரம். மறு வாரமே அவரிடமிருந்து போன். "இன்னா பாப்பா, புள்ள நம்மகிட்ட கோச்சிக்கினு முதுகக் காட்டிக்கினு இருக்கற மாதிரி இருக்குது. எனக்கு மனசே கேக்கல." குட்டியின் எடைக்கு முன்பக்கம் பார்த்தும் வைக்கலாம் என்று கையேட்டில் இருந்தது. சனிக்கிழமை வந்து திருப்பி மாட்டி மறுபடி ஆட்டிப் பார்த்தேன். அதற்கடுத்த சனிக்கிழமை, குட்டிக்கு எதிரே முன்சீட்டின் முதுகில் ஒரு பொம்மை ஸ்டியரிங் இருந்தது. ஹாரன் எல்லாம் அடிக்கும். ஓர் இரும்புக் கம்பியில் அதை முடுக்கியிருந்தார்.

"மாமா, இது வேணாம். குழந்தைக்கு எதிர்ல கெட்டியா எதுவும் இருக்கக் கூடாது."

"பெல்ட்டுதான் போட்டுக் கட்டிவெச்சிருக்கியே, அப்புறம் அது எங்க போயி இடிக்கப் போவுது?"

என் பாடத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னார். பட்டை இறுக்கமாக இருக்கிறவரை அவர் சொன்னது சரிதான். பட்டையைக் கிள்ளிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் கிள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வழுக்கிக்கொண்டு போயிற்று.

ஒரு நாள் சாயங்காலம், மரவள்ளி ஏற்றிய பிக்கப் ஒன்று வளைவில் அகலமாகத் திரும்பி ஏறி வந்திருக்கிறது. இவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் நல்ல டிரைவர், அதில் சந்தேகமே இல்லை. பிரேக்கை மிதித்து, கைப்பிடிச் சுவரில் லேசாக உரசி நிறுத்திவிட்டார். பிக்கப்பில் மோதக்கூட இல்லை. டீச்சர்களில் ஒருவருக்கு மூக்குக் கண்ணாடி உடைந்தது. அக்காவுக்கு பெல்ட் பட்ட இடத்தில் சிராய்ப்பு. குட்டி பட்டைக்குள்ளிருந்து பாதி வெளியே வந்து, அந்த ஸ்டியரிங் கம்பியில் முகம் மோதிக் கிடந்தாள். இடது கண்.

கண்ணை எடுக்க வேண்டிவரவில்லை. சேலத்தில் ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். ஆனால் கண் இருப்பது வேறு, அதில் பார்வை இருப்பது வேறு. குட்டி இன்றைக்கும் இடப்பக்கம் நிற்கிறவரைப் பார்க்க முகத்தை முழுசாகத் திருப்புகிறாள்.

நான் சென்னையிலிருந்து வந்ததும் ஆஸ்பத்திரியில் குட்டியைப் பார்த்துவிட்டு நேராகக் கார் நின்ற பட்டறைக்குப் போனேன். சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. கோயில் தூண்தான். தோளில் மாட்டுகிற பட்டைகளைத் தூக்கினேன். தூக்கத் தூக்க வந்துகொண்டே இருந்தன. உள்ளே நானே நுழைந்துவிடலாம் போல இருந்தது. பட்டைக்குக் கீழே, கழுத்து உறுத்தாமல் இருக்க, நான்காக மடித்த ஒரு துண்டு. அவருடைய துண்டு.

திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். சுற்றி நாலைந்து பேர் அவரைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, பட்டைய யார் தளத்தினது?"

அவர் மறைக்கவே இல்லை. "நாந்தான் பாப்பா. அணை தாண்டுனதும் அழுவும். வண்டிய ஓரங்கட்டிட்டுத் தளத்தி வுடுவேன். சாயங்காலம் ஊரு வந்ததும் திரும்ப இறுக்கிடுவேன்."

"எதுக்கு இறுக்குவீங்க?"

"நீ கிள்ளிப் பாப்பியே. லூசா இருந்தா உனக்குக் கஷ்டமா இருக்குமில்ல."

எனக்கும் அழுகை வரக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நிமிஷம் அவரை அடித்திருந்தால் தேவலை என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"நீ சென்னைல உக்காந்துகினு ரூல்ஸ் பேசற. ஒரு நாள் அந்தக் கார்ல வந்து பாரு. மலை ஏறி முடியறவரைக்கும் கத்துவா. பின்னாடி ரெண்டு பேரும் உச்சு கொட்டுவாங்க. இன்னா டீச்சர், இப்டி டார்ச்சர் பண்றீங்க புள்ளயன்னு என்னத்தான் கேப்பாங்க. அவரு தளத்தினதும் தூங்கிடுவா. அந்தத் தூக்கத்தப் பாத்தா எனக்கே நிம்மதியா இருக்கும்டி."

எங்கள் கையேட்டில் இதற்குப் பக்கம் இல்லை.

ஊர் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. குற்றவாளி சீட்டு. மடியில் வைத்திருந்தால் பூ மாதிரி தாங்கியிருப்பார்கள். கட்டிப்போட்டதால்தான் குழந்தைக்கு இப்படி ஆயிற்று. ஒருமுறை அதிர்ச்சி வாங்கிய சீட்டை மறுபடி யாரும் உபயோகிக்கக் கூடாது, பட்டைகளை அறுத்துவிட்டுத்தான் தூக்கிப்போட வேண்டும். அதை வீட்டு வாசலில் வைத்துக் கத்தரிக்கோலால் அறுத்தேன். எதிர்வீட்டு அத்தை நின்று பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்: "பாத்தியா, கொண்டாந்தவளே வெட்டிப் போடுறா. தப்பு அதும்மேலதான்னு அவளுக்கே தெரிஞ்சிபோச்சி."

டிரைவர் மாமாவுக்கோ பேர் இன்னும் கூடிவிட்டது. சுவரில் உரசி எல்லா உயிரையும் காப்பாற்றியவர் ஆகிவிட்டார். சரிப்படுத்திய காரில் அக்கா மறுபடி அவரோடுதான் வேலைக்குப் போனாள். "வேற யாருடி என் புள்ளய இப்டிப் பாத்துப்பாங்க?" என்றாள். குட்டி இப்போது மடியில்.

காயம் ஆறியதும் கண் டாக்டர் ஒரு வழி சொன்னார். நல்ல கண்ணை மூடி ஒட்டிவிட வேண்டும். தினமும் பகலில் சில மணி நேரம். அப்போதுதான் அடிபட்ட கண் பார்க்கப் பழகும், இந்த வயதைத் தாண்டினால் பழகாது என்றார். எனக்கு மறுபடி உயிர் வந்தது. பசை உள்ள அட்டைகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பினேன். எப்படி ஒட்டுவது என்று போனில் படம் பிடித்து அனுப்பினேன். அக்காவும் தினமும் ஒட்டிய முகத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். காலையில் வீட்டு வாசலில் ஒன்று, சாயங்காலம் வீட்டு வாசலில் ஒன்று.

சில மாதம் கழித்துப் பரிசோதனை. நானும் லீவு போட்டுச் சேலம் போனேன். கார் அவருடையது, ஓட்டியவரும் அவர்தான். டாக்டர் குட்டியின் நல்ல கண்ணை மூடி, யானைப் படம் காட்டினார். பெரிதாக்கிக் காட்டினார். கிட்டே கொண்டுவந்து காட்டினார். குட்டி கையை நீட்டி எதிரே துழாவினாள்.

"தினமும் ஒட்டறீங்களா?"

"ஒட்டறோம் சார்" என்றாள் அக்கா.

"ஒட்டியிருந்தா இவ்ளோ நாள்ல கொஞ்சமாவது முன்னேற்றம் தெரியணுமே."

குட்டிக்கு அப்போது நன்றாகப் பேச்சு வந்திருந்தது. தனக்குத் தெரிந்ததைச் சொல்லும் உற்சாகத்தில், "கார்ல மாமா எடுத்துடுவாங்களே" என்றாள். "அப்பறம் வூட்டாண்ட வந்து ஒட்டிவுடுவாங்க."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் குட்டியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தாள். டாக்டர் கோபப்படவில்லை. புதிதாக ஓர் அட்டையை எடுத்து நல்ல கண்ணில் தானே ஒட்டினார். "இனி ஒரு மணி நேரம்கூட வீணாக்கறதுக்கு இல்லம்மா" என்றார்.

வெளியே வரும்போதே குட்டி அலறத் தொடங்கினாள். எதுவும் தெரியவில்லை அவளுக்கு. என் கழுத்தை நகத்தால் பிறாண்டினாள். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் நின்றிருந்த அவர் ஓடி வந்தார். கை நேராக அட்டைக்குத்தான் வந்தது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"தொடாதீங்க மாமா."

"அழுவுது பாப்பா."

"அழட்டும். இப்ப அழலன்னா இந்தக் கண்ணு போயிடும். உங்களுக்குப் புரியுதா, போயிடும்."

"நாளைக்கு ஒட்டிக்கலாம் பாப்பா. இன்னிக்கி ஒரு நாளு." அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நடிப்பு இல்லை. அவருக்கு நிஜமாகவே வலித்தது.

"விடுடி" என்றாள் அக்கா. "எல்லாரும் பாக்கறாங்க." சொல்லிவிட்டு என் கையிலிருந்து குட்டியை வாங்கி அவரிடம் கொடுத்தாள்.

அவர் அட்டையின் ஓரத்தை எச்சில் தொட்டு நனைத்து, தோல் இழுபடாமல், நோகாமல், கொஞ்சம் கொஞ்சமாக உரித்து எடுத்தார். அவ்வளவு பதமாக யாரும் எதையும் உரித்து நான் பார்த்ததில்லை. குட்டி விம்மல் அடங்கி, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "தாத்தா போல இருக்குது" என்றாள். "குடுத்துவெச்ச புள்ள."